பெடல் படகும் பின்னறையும்

நான் படகு கட்டிவிட்டேன்! பெட்ரோல் வேண்டாம், துடுப்பு வேண்டாம். சைக்கிள் மாதிரி மிதித்தால் போதும், ஏரியே ஒதுங்கி வழிவிடும்!

இதை நான் அறிவித்தபோது என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தையல் சொல்லிக்கொடுப்பவள். நிமிரவே இல்லை.

"கட்டியாச்சுல்ல? பின்னறையைக் காலி பண்ணுங்க. என் கிளாஸுக்கு இடம் பத்தலை."

"காலி பண்ணிட்டா அடுத்த படகை எங்க கட்டுறது?"

"அடுத்ததா!"

பேச்சு முற்றி, பந்தயத்தில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை படகு என்னை எதிர்க்கரையில் கொண்டு சேர்த்தால் பின்னறை ஆயுசுக்கும் என் பட்டறை. இல்லாவிட்டால் அவளுடைய தையல் வகுப்பு. ஒரே முயற்சிதான்.

என் படகின் உயிரே வளைகிற ஷாஃப்ட்தான். பெடல் மேலே, புரொப்பல்லர் தண்ணீருக்குள். நடுவில் வளைந்து இறங்கிச் சுற்ற ஒன்று வேண்டாமா? கான்கிரீட்டைக் குலுக்குகிற மெஷினில் நீளமாக ஒரு குழாய் இருக்கும். அதற்குள் முறுக்குக் கம்பி ஒன்று சுற்றும். பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்ததும் எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. புரொப்பல்லரை ஒரு பெரிய அலுமினிய மூடியிலிருந்து வெட்டினேன். அந்த மூடி தொலைந்துபோய்விட்டதாகத்தான் வீட்டில் இன்றுவரை பேச்சு.

பின்னறையில் படகை ஸ்டூல்கள் மேல் ஏற்றி மிதித்துப் பார்த்தேன். புரொப்பல்லர் விர்ரென்று சுற்றியது. காலண்டர் பறந்தது. மனைவி இரண்டு ஈரத் துண்டுகளைக் கொண்டுவந்து அந்தக் காற்றில் உலர்த்தினாள். பிறகு குனிந்து, குழாய் முனையில் தெரிந்த கம்பியையே உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் கம்பி..."

"மெஷின் விஷயத்துல நீ வாயைத் திறக்காதே!"

"சரிங்க."

எங்கள் இல்லற வாழ்க்கையில் அவள் உடனே 'சரிங்க' சொன்னது அதுதான் முதல் தடவை. நான் பயந்திருக்க வேண்டும். பூரித்துப்போனேன்.

ஞாயிறு காலை ஏரிக்கரை. படகின் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு வெல்டரம்மாவும் வந்திருந்தார். என் மனைவி கைப்பையோடு படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீயுமா? பயமா இல்லையா?"

"நீங்க இருக்கும்போது எனக்கென்னங்க பயம்?"

மிதித்தேன். ஆஹா! நுரை! அலை! ஐம்பது வயதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கரை விலகியது, வாத்துகள் விலகின. பின்னறை எனக்கே எனக்கு என்று பாடவே ஆரம்பித்துவிட்டேன்.

கால்வாசி ஏரியில் 'கர்ர்ர்' என்றது. பெடல் நகர மறுத்தது.

"பின்பக்கமா மிதிச்சுப் பாருங்க" என்றாள்.

மிதித்தேன். புரொப்பல்லர் ஜோராகச் சுற்றியது. படகும் ஜோராகப் போனது, பின்னால். முன்னால் மிதித்தால் சிக்குகிறது, பின்னால் மிதித்தால் வீட்டுக்குத் திரும்புகிறது. படகைத் திருப்பலாம் என்றால் சுக்கான் கிடையாது. எதிர்க்கரை நேராகத்தானே இருக்கிறது என்று நான் அதை வைக்கவே இல்லை. மிதித்து மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

"அந்தக் கம்பி முறுக்கின நூல் மாதிரிங்க" என்றாள் மனைவி. "ஒரு பக்கம் சுத்தினா இறுகும். மறுபக்கம் சுத்தினா பிரிஞ்சு உப்பிப்போய்க் குழாய்ல மாட்டிக்கும். காத்துல தெரியாது, தண்ணி எதிர்க்கும்போதுதான் தெரியும்."

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"வாயைத் திறக்காதேன்னீங்களே!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவன் நான்; என் கண்ணெதிரே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"போச்சு, ஷாஃப்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றேன்.

"எதுக்கு?" கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். நாலே நட்டு. சீட்டைக் கழற்றிப் பெடலுக்கு அந்தப் பக்கம், பின்னால் பார்த்தபடி பொருத்தினாள். அங்கே துளைகள் தயாராக இருந்தன!

வெல்டரம்மா வானத்தைப் பார்த்தார். "அக்கா போன வாரமே ரெண்டு பக்கமும் துளை போடச் சொல்லிட்டாங்க, சார்."

"இப்படி உட்கார்ந்து முன்னாடி மிதிச்சாலே கம்பி இறுகுற பக்கமா சுத்தும்" என்றாள் மனைவி. அவளும் வெல்டரம்மாவும் படகின் பின்பக்கம் எதிர்க்கரையைப் பார்க்கும்படி திருப்பித் தண்ணீரில் விட்டு ஏறிக்கொண்டார்கள். படகு பறந்தது! நான் கரையில் குதித்தேன். என் படகு! என் ஷாஃப்ட்! பத்தே நிமிடத்தில் எதிர்க்கரையைத் தொட்டுவிட்டது!

கைகளைக் குவித்துக் கத்தினேன். "படகு போய்ச் சேர்ந்துடுச்சு! அப்போ அறை எனக்குத்தானே?"

தண்ணீருக்கு மேல் அவள் குரல் தெளிவாக வந்தது.

"நீங்க இன்னும் அந்தக் கரையிலதாங்க இருக்கீங்க! பத்து மணிக்கு ஆறு தையல் மெஷின் வருது, போய் இறக்கி வைங்க!"