மாத்திரைகளை வெளியே விடவும்

ஒரு ஊரில் ஒரு வைத்தியர் இருந்தார். அதே ஊரில் நோயாளிகளும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் ரொம்ப நாள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் அவர்களைச் சந்திக்க வைத்தது ஒரு மர அலமாரி. அது எப்படி என்று கேளுங்கள்.

வைத்தியர் பிறவி வைத்தியர் அல்ல. லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவரே சரிசெய்த லிஃப்ட், அவரையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி அழுதார். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் கதவை உதைத்தார். இவர் பதறவில்லை. எல்லோரையும் கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார். ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது உள்ளே பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டுக்குள் போனவர் மெக்கானிக். வெளியே வந்தவர் வைத்தியர்.

அதன்பிறகு அவர் மூச்சு, நாடி, பாதம் என்று மூன்றையும் முறையாகப் படித்தார். உடம்பைத் துண்டுதுண்டாகப் பார்க்கக் கூடாது, மனசையும் சேர்த்து முழுசாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். வேலையை விட்டார். கம்பெனி முதலாளி நல்லவர். வருஷக் கடைசிவரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் பேச்சு அதையொட்டியே முடிவானது. வருஷம் முடிவதற்குள் ஊர் அவரை வைத்தியர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் ஸ்பானர், கிரீஸ், மாடி மாடியாகத் தொங்கும் பிழைப்பு. அவருடைய ஆசை வேறு. சாகிறதுக்குள் ஒருவராவது தன்னைப் பார்த்து, உங்களால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் அப்படியெல்லாம் சொல்லாது.

வீட்டு முன்னறையைக் காலி செய்தார். உயரமான கட்டில், அதன்மேல் வெள்ளை விரிப்பு, சுவரில் உள்ளங்கால் படம். படத்தில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் குறித்திருந்தது. முதலில் எட்டிப் பார்த்தவர் பக்கத்துவீட்டுத் தையல்காரம்மா. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, செருப்புக்கு அளவெடுக்கிறீர்களா என்று கேட்டார். எதிர்வீட்டு பஸ் டிரைவர், லிஃப்ட் வைத்தியர் என்று பெயர் வைத்தார். வலி மேலேயா கீழேயா என்று கேட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்துவாராம். பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. ஆள்தான் வரவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். அவருடைய மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, மதியத்துக்குமேல். புருஷன் மாத்திரை வேண்டாம் என்கிறார், பெண்டாட்டி மாத்திரை விற்கிறாள், எப்படிப் பார்த்தாலும் அந்த வீட்டுக்கு நஷ்டமில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் வாயும் சும்மா இருக்காது. எப்போதாவது ஒருவர் தப்பித்தவறி வந்து கட்டிலில் படுத்து, அறை அமைதியாகி, வைத்தியர் அவர் நாடியில் விரல் வைக்கிற நேரமாகப் பார்த்துத் தண்ணீர் டம்ளரோடு உள்ளே வருவாள். காலையில சுகர் மாத்திரை போட்டீங்களா என்பாள். அவ்வளவுதான். நோயாளிக்கு வீட்டு நினைவு வந்துவிடும்.

ஒருநாள் காலை வைத்தியர் தீர்மானமாக எழுந்தார். முகம் கழுவும்போதே அந்தத் தீர்மானம் முகத்தில் இருந்தது. தன் வைத்தியத்துக்கும் ஊருக்கும் நடுவே இரண்டு தடைகள். ஒன்று மாத்திரை. இன்னொன்று மனைவி. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால்? செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிற மாதிரி, மாத்திரையையும் வெளியே விட்டுவிட்டு வரட்டும். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி. அதற்குக் காவல் அவள். அவளும் வெளியே, அதுவும் வெளியே. உள்ளே நிம்மதி.

இதை எப்படிச் சொல்வது என்று பாதி நாள் ஒத்திகை பார்த்தார். கடைசியில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"உனக்கு ஒரு முக்கியமான பொறுப்பு குடுக்கலாம்னு இருக்கேன்."

"சொல்லுங்க."

சொன்னார். அவள் மடித்த சட்டையை நீவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லா மாத்திரையும் கொண்டு வரணுமா, இல்ல பேருக்கு ஒண்ணு ரெண்டா?"

"எல்லாம். வீட்டுல ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"பழசு, பாதி தின்னது, டப்பா போனது?"

"எல்லாம்தான். மனசுல பாரம் இருக்கக் கூடாது பாரு."

"சரிதான். அப்ப வாசல்ல ஒரு பெஞ்சும் வேணும்."

"பெஞ்சு எதுக்கு?"

"வயசானவங்க வருவாங்க. உங்க வாசல்ல மயங்கி விழுந்தா உங்களுக்குத்தானே கெட்ட பேரு."

நியாயமாகப் பட்டது. பெஞ்சு வாங்கினார். தண்ணீர்க் குடமும் டம்ளரும் கேட்டாள், கொடுத்தார். அறைக்குள் வரவே கூடாது என்றார். வரமாட்டேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு விஷயம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. தன் மூச்சுப் பயிற்சி அவளிடமும் வேலை செய்திருக்கிறது என்று அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

மாத்திரைகளை வெளியே விடவும் என்று பலகை எழுதி மாட்டியதும் தெரு சிரித்தது. ஆனால் சிரித்த வாயோடு வந்து பார்த்தது. தையல்காரம்மா முதலில் வந்தார். நூல்கண்டு டப்பாவில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வந்தார். டிரைவர் வேடிக்கைக்காகவே வந்தார், வீட்டில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் வாரிக்கொண்டு. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. உள்ளே வைத்தியர் கண்ணை மூடிக் காத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் தணிந்து கேட்டது. தன்னைப் பற்றித்தான் எடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வந்தவர்கள் படுத்தார்கள். பாதத்தை அழுத்தினார், மூச்சைச் சொல்லிக்கொடுத்தார், அவர்கள் சொன்னதையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டிரைவர் தன் பிள்ளை தன்னோடு பேசுவதில்லை என்று முதல்நாளே சொல்லி அழுதார். அப்புறம் குறட்டை விட்டார்.

வாரங்கள் போயின. தையல்காரம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றது. டிரைவருக்குக் காலில் ஆறாமல் கிடந்த புண் ஆறியது. ஊர் பேச ஆரம்பித்தது. பெஞ்சு போதவில்லை. வைத்தியர் நடையில்கூட ஒரு நிதானம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே பாதி தேறிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். தன் உள்ளங்கையின் சக்தி வாசல்வரை எட்டுகிறது. மனைவியிடம் சொன்னார். அவள், ஆமாங்க, பெஞ்சுவரைக்கும் நல்லாவே வருது என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஓர் அறை காலியானது. மாற்று மருத்துவம் செய்கிற ஒருவருக்கு அதைக் கொடுக்கலாம் என்று பேச்சு. நிலையத்து டாக்டரம்மா நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார். வைத்தியர் இரண்டு நாளில் கட்டிலின் வெள்ளை விரிப்பை மூன்று தடவை மாற்றினார். அந்த அறை கிடைத்தால் ஊர் ஒப்புக்கொண்ட மாதிரி. கிடைக்காவிட்டால் வருஷக் கடைசி வாசலில் நிற்கிறது.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். வைத்தியர் வாசல்வரை போய்க் கும்பிட்டு வரவேற்றார். பிறகு, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டாமா? தணிந்த குரலில், கைப்பையில் மாத்திரை இருந்தால் அலமாரியில் வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலைவலி மாத்திரை இருக்கு என்று பையைத் திறந்தார். வைத்தியர் திருப்தியோடு உள்ளே வந்து, கட்டிலருகே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை மூடினார்.

டாக்டரம்மா வரவில்லை.

கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார். மறுபடி மூடினார். வெளியே பேச்சு. யாரோ சிரித்தார்கள். அது தையல்காரம்மா சிரிப்பு. அப்புறம் டாக்டரம்மாவும் சிரித்தார். வைத்தியர் மூச்சை மெதுவாக இழுத்து விட்டார். மூச்சு சொன்னபடி கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தார்.

பெஞ்சில் தையல்காரம்மா அண்ணாந்து மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தவர் டாக்டரம்மா. மனைவி மடியில் டிரைவரின் துணிப்பை. அவள் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுவும் அதுவும் ஒரே மருந்து. பேருதான் வேற. ரெண்டு டாக்டர்கிட்ட போனா இப்படித்தான். எதை நிறுத்தணும்னு நான் சொல்லக் கூடாது. இதோ டாக்டரே இருக்காங்க, கேட்டுக்கோங்க."

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். ஒன்றை நிறுத்தச் சொன்னார். டிரைவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வைத்தியர் கதவைத் திறந்து வெளியே வந்தார். யாரும் பதறவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"என்ன நடக்குது இங்க?"

"அலமாரியைப் பாத்துக்கறேன்," என்றாள் மனைவி.

"நான் மாத்திரை வேண்டாம்னு சொல்றேன். நீ என் வாசல்ல உக்காந்து குடுத்துக்கிட்டு இருக்கியா?"

"ரூமுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒண்ணுகூட வரலியே. நானும் வரலை."

"எத்தனை நாளா?"

"பெஞ்சு போட்டீங்கள்ல, அன்னிலேர்ந்து."

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மாவின் தலைசுற்றலும் டிரைவரின் புண்ணும் அவர் கண்முன்னால் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய கிரீஸ் கோடு ஒன்று ரேகையோடு ரேகையாக இன்னும் இருந்தது. பிறகு அவர் டிரைவரைக் கேட்டார்.

"அப்ப நான் எதுக்கு? உள்ள வந்து சும்மாவா படுத்துக்கிட்டு இருந்தீங்க?"

டிரைவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயம். ஒரு தடவ போன டாக்டர்கிட்ட மறுபடி போக மாட்டேன். அவங்க குடுத்த மாத்திரை எல்லாம் டிராயர்ல கெடந்தது. நீங்க விட்டுட்டு வரச் சொன்னீங்கன்னுதான் தேடியே எடுத்தேன். உங்ககிட்ட வந்து படுத்தா தூக்கம் வருது. எம் பையன் விஷயத்தை வேற யார்கிட்ட சொல்லுவேன்? அதுக்குத்தான் வர்றேன். வந்த இடத்துல உங்க வீட்டம்மா விழுங்க வெச்சிடறாங்க."

வைத்தியர் பெஞ்சில் டிரைவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். மனைவி டம்ளரைக் கழுவப் போவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா, தான் வருஷக்கணக்காகத் திட்டிப் பார்த்தும் வராத ஆட்கள் இந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை முதல்முறையாக வயிற்றுக்குப் போனது இந்த வீட்டு வாசலில்தானாம். மூச்சும் பாதமும் புண்ணை ஆற்றும் என்று தான் சொல்லமாட்டேன், ஆனால் ஆறுகிறவரை ஆளை வரவழைக்க இவருக்குத் தெரிகிறது, அது தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அந்த ரூம் உங்களுக்குத்தான். ஆனா அலமாரி, பெஞ்சு, உங்க வீட்டம்மா, மூணும் கூட வரணும். பலகையையும் மாத்தக் கூடாது."

வைத்தியர் மனைவியைப் பார்த்தார். கடையில் அவளைக் காலையிலும் வரச் சொன்னார்களாம், வரமுடியாது என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாளாம். எப்போது சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஸ்பானரும் கிரீஸும் இல்லை. அது போதும். சரி என்றார். உடனே கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் ஊர் ஒப்புக்கொண்ட வைத்தியர்.

"இன்னொண்ணு. நிலையத்துல வேலை பாக்கறவங்க எல்லாரையும் ஒரு தடவ செக் பண்ணணும். கையை நீட்டுங்க."

தனக்கு ஒன்றும் கிடையாது, ஆயுசில் ஒரு மாத்திரை தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைக் கையை மடித்தார். டாக்டரம்மா கைப்பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்துப் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தார். மனைவியும் எட்டிப் பார்த்தாள். தையல்காரம்மா உச்சுக் கொட்டினார். பிரஷர் தூக்கலாகத்தான் இருக்கிறது, ஒரு வாரம் தினமும் பார்த்துவிட்டு மாத்திரை வேண்டுமா என்று சொல்கிறேன், அதுவரை உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டரம்மா. மூச்சுப் பயிற்சியையும் விட வேண்டாம் என்று அன்பாகச் சேர்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா தன் தலைவலி மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தையல்காரம்மா நூல்கண்டு டப்பாவோடு போனார். டிரைவர் வைத்தியரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பை இலேசானதில் கையை வீசிக்கொண்டு தெருவைக் கடந்தார். மனைவிக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. அலமாரியைத் துடைத்துச் சாத்தி, செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிறங்கித் திரும்பினாள்.

"நாளைக்குச் சீக்கிரமே பெஞ்சுக்கு வந்துடுங்க. லேட்டா வந்தா இடம் கிடைக்காது."

சொல்லிவிட்டு அவள் நடந்து போனாள்.