உள்ளே வந்துட்டுப் போங்களேன்

"உள்ளே வந்துட்டுப் போங்களேன், பாக் வார்சித்தோ. டீ போட்டிருக்கேன்."

"இருக்கட்டும், இபு ரெத்னோ. இன்னொரு நாள் வரேன்."

"சரி, பார்த்துப் போங்க."

மழை விட்ட ஒரு மாலையில், சைக்கிள் சங்கிலி கழன்று வார்சித்தோ ரெத்னோவின் வாசலில் நின்றபோது நடந்த பேச்சு அது. இந்தோனேசியாவில், ஐயாவை 'பாக்' என்றும் அம்மாவை 'இபு' என்றும் அழைக்கும் ஜோக்ஜா நகரின் அந்தச் சந்தில் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. மாலைதோறும் அந்த வழியாகப் போகும் அவருக்குச் சைக்கிள் போய்க் கைத்தடி வந்தது. இருவர் தலையும் நரைத்தது. பேச்சு மட்டும் மாறவில்லை. அவள் கணவரும் அவர் மனைவியும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். அந்த 'இன்னொரு நாள்' என்றாவது வருமா என்று மாலைதோறும் அவள் மல்லிகை டீயில் ஒரு கோப்பை கூடுதலாகத்தான் போட்டாள். வேண்டாம் என்பவரை வற்புறுத்துவானேன் என்று தானே அதையும் குடித்தாள்.

இனி அதற்கும் வழியில்லை. சுராபாயாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட, நாளைக் காலை ரயிலேறுகிறார் வார்சித்தோ.

அதை நினைத்து உருகக்கூட யூஹா அவளை விடவில்லை. பின்லாந்திலிருந்து வந்து அவளிடம் இந்தோனேசிய மொழி படிக்கும் இளைஞன் அவன். வந்த வாரமே, 'வாங்க, சாப்பிடலாம்' என்றவர்கள் வீட்டிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டான்.

எதிர்வீட்டு சுமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் டீச்சர், உங்க மாணவர் எங்க வீட்டுப் பலாக்காய்க் கூட்டைச் சட்டியோட காலி பண்ணிட்டாரு!"

"நீதானேடி கூப்பிட்டே?"

"வாசல்ல போறவங்களைக் கூப்பிடாம இருக்க முடியுமா? அதுக்காக வந்துடறதா?"

ரெத்னோ அன்றே பாடம் நடத்தினாள். யார் கூப்பிட்டாலும் மறுத்துவிட வேண்டும். யூஹா நல்ல மாணவன். மறுநாள் சந்துத் தலைவர் வீட்டு விருந்தில் தண்ணீர்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் மறுத்தான். பந்தி முடிவதற்குள் பசியில் மயங்கி விழுந்தான்.

தலைவரின் மனைவி அழுதேவிட்டாள். "எங்க வீட்டுச் சாப்பாட்டுல அப்படி என்ன குறை கண்டாரு?"

மறுபடியும் பாடம்.

"இதோ பாருப்பா, ஒரு தடவை கூப்பிட்டா அது மரியாதைக்கு. நீ வேணாம்னு சொன்ன பிறகும் கூப்பிட்டாங்கன்னா நிஜமாவே கூப்பிடறாங்க. அப்போ போய் உட்காரு. புரிஞ்சுதா?"

புரிந்துவிட்டது. அன்று மாலையே சுமினாவின் வாசலில் கைகட்டி நின்றான்.

"அம்மையீர்," என்றான் பாடப்புத்தக மொழியில், "தங்கள் முதல் அழைப்பை மறுத்துவிட்டேன். இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்."

"டீச்சர்!" சுமினா கத்தியது சந்து முழுக்கக் கேட்டது. "இவரைக் கூட்டிட்டுப் போங்க! இல்லேன்னா நான் வீட்டைக் காலி பண்ணிடுவேன்!"

சந்தே சிரித்தது. ரெத்னோ ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துத் தன் வாசலுக்கு இழுத்து வந்தாள். "நீயா போய்க் கேட்காதே, எத்தனை தடவைன்னு எண்ணாதே! கூப்பிடறவங்க முகத்தைப் பாரு, தெரியும்!"

நிமிர்ந்தபோது வேலிக்கு வெளியே வார்சித்தோ நின்றிருந்தார். இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை. கடைசி நாள் நடை.

"உள்ளே வந்துட்டுப் போங்களேன், பாக். டீ போட்டிருக்கேன்."

"இருக்கட்டும், இபு. இன்னொரு..."

கடைசி நாளிலும் இதேதானா? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, பார்த்துப் போங்க."

கைத்தடிச் சத்தம் கொஞ்ச தூரம் போனது. நின்றது. திரும்பி வந்தது.

வார்சித்தோ வேலியைப் பிடித்துக்கொண்டார். யூஹாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, அந்தச் சைக்கிள் நாள் தொட்டு மனதில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டார்.

"ஒரே ஒரு தடவை... ரெண்டாவது தடவையும் கூப்பிடுங்களேன், இபு."