மரக்கணக்கு சார் எழுதிய ஆண்டறிக்கை

பொய் எழுதவே வராத ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து, தன்னைப் புகழ்ந்து எழுதச் சொல்லிச் சம்பளமும் கொடுத்த கம்பெனி உலகத்திலேயே ஒன்றுதான் இருந்திருக்கும். அதில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் கிரானைட் அறுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தகரக்கூரை ஆபீசில் மேனேஜர், நான், பிறகு அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து தினமும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி வரும் சுற்றுச்சூழல் அதிகாரி. அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மலை முழுக்க அவர் மரக்கணக்கு சார். கம்பெனி நட்ட மரத்தை எண்ணுவதுதான் அவர் வேலை என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படியே நினைத்ததுதான் சிக்கல்.

எங்கள் கல் ஐரோப்பாவில் கல்லறைக் கல்லாகப் போய்க்கொண்டிருந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள், 'இந்தக் கல் வந்த காடு என்ன ஆயிற்று' என்று அங்கே கேட்கத் தொடங்கினார்களாம். வாங்குபவன் எங்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்டான். கடன் கொடுத்த வங்கியும் கேட்டது. போட்டிக் கம்பெனி வேறு வழவழப்பான தாளில் ஒரு புத்தகமே போட்டுவிட்டது. ஆக, வருஷத்துக்கு ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை எங்களுக்கும் அவசியமாயிற்று. மலையில் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று வருவதே தெரியாது.

முதல் வருஷ அறிக்கையில், நட்ட சில்வர் ஓக் கன்றுகளில் பெரும்பகுதியை ஆடு தின்றுவிட்டது என்று மரக்கணக்கு சார் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, வெள்ளைக்காரன் படிக்கிற ரிப்போர்ட்டுல ஆடு எதுக்குங்க?"

"தின்னுபோட்டுதுங்களே."

அவசரத்தில் அது அப்படியே அச்சாகிப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், நம்பும்படி இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷம் அவரே வந்து கேட்டார்.

"சார், இந்த வருசமும் ஒரு ரெண்டு ஆடு போட்டுருங்க."

"இந்த வருசம் ஆடு வல்லீங்க. வெயில்ல காஞ்சுதான் போச்சுங்க."

"ஆடுதானுங்க அவங்களுக்குப் புடிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்றதுங்க? ஆட்டுகிட்டத்தான் சொல்லோணும்."

ஒருமுறை வாங்குபவனின் ஆட்களே நேரில் பார்க்க வந்தார்கள். மேனேஜர் ராசிபுரம் நர்சரியிலிருந்து பெரிய கன்றுகளாக வரவழைத்து, பிளாஸ்டிக் பையோடேயே குழியில் புதைத்து வைத்திருந்தார். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் மரக்கணக்கு சார் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். பையோடு வந்தது. "பையோட நட்டா வேரு எங்கங்க போகும்?" என்று விருந்தாளி முன்னாலேயே மேனேஜரிடம் கேட்டார். அதில் கேலியே இல்லை. கன்றுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார். நான் தகரக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரித்ததெல்லாம் அதுவரைக்கும்தான்.

குவாரியின் கழிவு மண்ணைச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு அது இறங்கி, கீழே பொன்னாயி என்ற அம்மாளின் வயலுக்கு மேலிருந்த ஊற்றில் விழுந்தது. அந்த ஊர் முழுக்க அந்த ஊற்றைத்தான் குடித்தது. தண்ணீர் சிவப்பாக வந்தது. பிறகு சேறாக வந்தது. பொன்னாயி ஒரு சொம்பில் பிடித்து ஆபீசுக்கே கொண்டுவந்து வைத்தார். மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"புஸ்தகத்துல எழுதறேனுங்க. அங்க படிச்சாங்கன்னா கேப்பாங்க. கேட்டா இவங்க மண்ணுக்குத் தடுப்புக் கட்டித்தான் ஆவோணும்" என்றார் மரக்கணக்கு சார்.

"உங்களத்தான் சாமி நம்பியிருக்கறோம்."

அந்தப் பக்கத்தை நான்தான் டைப் அடித்தேன். அவர் எழுதியதிலேயே நீளமானது அது.

ஆனால் அந்த வருஷம் ஐரோப்பிய வியாபாரம் படுத்துவிட்டது. வேறொரு நாட்டுக்காரன் கல்லை வாங்க வந்தான். அவன் விலையைத் தவிர எதையும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாததால் அறிக்கையும் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் காலண்டர் ஆயிற்று. பன்னிரண்டு மாதத்துக்கும் அருவிப் படம்.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பொன்னாயி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"படம் நல்லா இருக்குதுங்க. எங்க ஊத்து எங்கீங்க?"

"எடுத்துட்டாங்க, அம்மா."

"ஊத்தையுங்களா?"

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொன்னாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி, உக்காருங்க சாமி. சோறு உண்டுட்டுப் போவீங்க" என்று உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்துவந்தார். தண்ணீர் மட்டும் எங்களுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து சுமந்து வந்ததாக இருந்தது.

காலண்டர் போடுவதற்கு அதிகாரி எதற்கு என்று சீக்கிரமே அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே பஸ்ஸில் அதே வாந்தியோடு வந்தார். ஊற்றுக்கு மேலே கல் அடுக்கத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். மார்பளவுக்குத் தடுப்பு எழுந்தது. ஐப்பசி மழையில் ஒரே நாளில் சரிந்தது.

"அடித்தளம் பத்தலீங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாவது தடுப்பு நின்றதா என்று பார்க்க அவர் இல்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். தண்ணீரால் வந்திருக்கலாம் என்று ராசிபுரம் டாக்டர் சொன்னாராம். வேலை செய்யும்போது ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பார். மற்றவர்கள் தடுத்தால், "உங்க கொழந்தைங்க குடிக்கலீங்களா?" என்பார்.

முள்ளுக்குறிச்சியில் அவர் வீட்டு வாசலில் கம்பெனி சார்பாக மாலையோடு மேனேஜரும் நானும் நின்றோம். பஸ்ஸிலிருந்து மலைக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். முன்னால் பொன்னாயி. மலையை விட்டு இறங்கியே பழக்கமில்லாதவர், வளைவுகளில் தலை சுற்றி ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மரக்கணக்கு சாருடைய அண்ணன் எழுந்து, "நீங்கெல்லாம் ஆருங்க?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டு ஆளு போயிட்டாருன்னாங்க" என்றார் பொன்னாயி. "வந்தோமுங்க."

அவர்கள் வாசலில் ஓரமாக உட்கார்ந்தார்கள். நான் மாலையை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.