சங்குக்குள் வந்த சமுத்திரம்

மணலூர்பேட்டைக்குக் கடல் வந்துவிட்டது. கடலூரிலிருந்து பஸ் ஏறி வரவில்லை. சமுத்திரச் சித்தரின் சங்குக்குள் உட்கார்ந்து வந்தது. பெண்ணையாற்றங்கரையில் பந்தல், அலறும் ஸ்பீக்கர், ஷேர் ஆட்டோ வரிசை.

பெண்களுக்கு மட்டும்தான் வைத்தியம். தீர்த்தம் வாங்க ஆளுக்கொரு செம்போடு வரவேண்டும். வந்தவள் காதில் சித்தர் சங்கை வைப்பார். உள்ளே கடல் இரையும்.

"கேட்டியா? கடலம்மா கோவமா கீறா. மாத்திரை, ஸ்கேன் எதையும் தொடாத. மூணு பௌர்ணமி தீர்த்தம் குடி."

வெள்ளைப்பாடா, குழந்தை இல்லையா, கர்ப்பப்பையில் கட்டியா, எல்லாவற்றுக்கும் அதே கோபம்தான். கடலம்மாவுக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

ஜூலியா இந்த ஊர்ப் பெண். கடலோரக் குப்பங்களில் உப்பேறிய குடிநீர் பெண்கள் உடம்பை என்ன பாடுபடுத்துகிறது என்று ஆறு வருஷமாக வீடு வீடாகப் போய் ஆராய்கிறவள். அவளிடம் கடல் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. லீவில் ஊருக்கு வந்தால், பக்கத்து வீட்டுக் கமலா சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கிறாள். இரண்டு மாதமாக ரத்தப்போக்கு. "ஆஸ்பத்திரிக்கு வாடி" என்றால், "சித்தர் கையில கேட்டுக்கினு வரேன்" என்கிறாள். வேறு வழியில்லாமல் ஜூலியாவும் கூடவே வந்தாள்.

சங்கு கமலாவின் காதுக்கு வந்தது.

"ஜூலியா, கடலேதான்டி!"

"உன் செம்பைக் காதுல வை."

"இன்னாடி, வெளையாடிக்கினு கீற?"

"வைடி!"

வைத்தாள். செம்பிலும் கடல் இரைந்தது. பின்னால் நின்ற பாப்பாத்தி தன் செம்பை வைத்துப் பார்த்தாள். அதிலும் கடல்!

சித்தர் சளைக்கவில்லை. "பாத்தீங்களா, என் அருளு! செம்புக்குள்ளயும் வந்துட்டா!"

"சுத்தி இருக்கிற சத்தந்தான்க்கா உள்ள போய் எதிரொலிக்குது" என்றாள் ஜூலியா. "அந்த ஸ்பீக்கரை நிறுத்திட்டுக் கேளுங்க."

பாப்பாத்தி போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். மறுபடியும் செம்பு காதுக்குப் போனது.

"அட, கம்மியாயிடுச்சே!"

இத்தனை நாள் தீர்த்தத்துக்கு அடங்காத கோபம் ஒரு ப்ளக்கில் அடங்கிவிட்டது. தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பந்தலுக்குப் பின்னால் போன சித்தர், இன்னும் தியானத்திலிருந்து திரும்பவில்லை.

கமலா அன்றே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். "இன்னும் பத்து நாள் போயிருந்தா கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் ரத்தம் ஏற்றினார். பிழைத்துக்கொண்டாள்.

அந்தப் பந்தலில் எல்லார் கையிலும் செம்பு இருந்தது. ஜூலியா சொல்வதற்கு முன்பே ஒருத்தியாவது அதைக் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். செம்பை எடுத்து வா என்று மட்டும்தான் சித்தர் சொன்னார். மூளையை வீட்டில் வைத்துவிட்டு வா என்று அவர் சொல்லவே இல்லை; அது நாமாகச் செலுத்திய காணிக்கை.