பல் டாக்டர் வீட்டுப் பவளப்பாசி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், என் மேல் கொஞ்சம் கோபத்தோடு சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் கோபம் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பேத்தி பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்பாள். விஷயம் அவளுடைய பல்லைப் பற்றியது.

சில மாதம் முன்பு அவள் என்னிடம் போட்ட உத்தரவு உனக்குத் தெரியும். "தாத்தா, என் முன்பல்லு ஆடுது. லீவுக்கு வரும்போது கொண்டு வரேன். அம்மா பல்லு மாதிரியே ரோஸ் கலரா ஆக்கிக் குடுக்கணும்." நானும் யோசிக்காமல் "அதுக்கென்ன கண்ணு, ஆக்கிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். கதையைச் சொன்னது நீதான் என்றாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அது நடந்த கதைதானே. நம் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்ததும், பள்ளிக்கூடம் விட்டதும் நீ அதன் நீல வெளிச்சத்தில் பெஞ்சில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதியதும், உள்ளே என் மிஷின் சத்தத்தைக் கேட்டு அழுகிற பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், "இங்க பாரு, இது பெயிண்ட் இல்ல, வளருது" என்று பாறையில் சுண்ணாம்புத் தோலாய்ப் படர்ந்த ரோஸ் நிறப் பவளப்பாசியைக் காட்டியதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. உன் முதல் பாற்பல் விழுந்தபோது யாரிடமும் கேட்காமல் அதைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாய். நாங்களும் மறந்துவிட்டோம். பல மாதம் கழித்துப் பாறை இடுக்கில் ஒரு குட்டி ரோஸ் மணி தெரிந்தது. "அப்பா, என் பல்லு பூத்திருக்கு" என்று நீ கத்திய கத்தலில், நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்த தபால்காரர் எழுந்து ஓடி வந்து பார்த்தார். ஊரார் பல்லில் கட்டிய காரையையெல்லாம் சுரண்டிச் சோறு தின்றவன் நான். சுரண்ட மனசு வராத காரை அது ஒன்றுதான்.

கிளினிக்கைக் காலி செய்த அன்று வண்டியில் தொட்டி விரிசல் விட்டதும் உனக்குத் தெரியும். பாறையைப் புது வீட்டு வாசலில் இறக்கினார்கள். சில நாளில் காய்ந்து சுண்ணாம்பாய் வெளுத்தது. உன் பல்லை அதில் தேடினேன். வெள்ளையோடு வெள்ளையாக, எது பல், எது கல் என்று பல் டாக்டருக்கே தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்லவும் முடியவில்லை, உட்கார்ந்து அழவும் வயது இல்லை.

ஆகவே புதுத் தொட்டி வாங்கி, வெளுத்த அந்தப் பாறையையே அதில் வைத்தேன். பாசி வாங்கிய அன்று காலை உன் அம்மாவிடம், "சாயங்காலம் பவளப் பாசியோட வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் முதல் தப்பு. அவள் கழுத்துக்குப் போடும் பாசி என்று நினைத்து, எதிர்வீட்டம்மாவையும் அழைத்து உட்கார வைத்து, கழுத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஈரப் பேப்பரில் சுற்றிய ஒரு கல்லை எடுத்து நீட்டினேன். எதிர்வீட்டம்மா "நல்லா கனமா இருக்கே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று தொடங்கிய கோபம்தான் முதல் வரியில் நான் குறிப்பிட்டது.

அந்தக் கல்லில் காசளவு ரோஸ் இருந்தது. அது விதை மாதிரி, கடல் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் சரியாக இருந்தால் தானாகப் பரவும் என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர். நானும் தண்ணீரைச் சோதிக்கச் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிக் குழாயைக் குலுக்கி, நிறம் பார்த்து, சத்து ஊற்றி, தொட்டிக்குத் தாய்ப்பால் கொடுக்காத குறையாகக் கவனித்தேன். முதலில் எல்லாவற்றின் மேலும் பழுப்புப் படலம் வந்தது. வெற்றிலை போடுகிறவர் வாய் போல இருந்தது. பிறகு பச்சைப் பாசி முடியாய் நீண்டு, சீப்பு எடுத்து வாரிவிடலாம் போல அலைந்தது. கடைக்காரரிடம் போனேன். அவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து. "பொறுமை வேணும் சார்" என்றார். நான் முறைத்த முறைப்பில் முள் உருண்டை மாதிரி ஒரு கடல் முள்ளெலியையும் தூக்கிக் கொடுத்தார். அது பச்சையைத் தின்னுமாம். தின்றது. உள்ளங்கை அளவு தின்றுவிட்டு, எனக்கு இருந்த ஒரே ரோஸ் திட்டையும் சுரண்டித் தின்று, உதிர்ந்த சில்லைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் நம்பிக்கை விடவில்லை. போன வாரம் முன்பக்கக் கண்ணாடியில் ஊசி முனையளவில் ரோஸ் புள்ளிகள்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில் கடைக்காரரிடம் சொல்ல ஓடினேன். திரும்பி வந்தால் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது. உன் அம்மா பிளேடும் கையுமாக நின்று, எனக்கு ஏதோ பெரிய உதவி செய்தவள் மாதிரி, "கறை புடிச்சிருந்துச்சுங்க. எவ்வளவு வருஷம் உங்ககூட கிளினிக்ல நின்னிருக்கேன், கறை எடுக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள். கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கியவனே நான்தான். பூதக்கண்ணாடியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் அவள் அழுதுவிட்டாள். "புள்ளை வந்து கேட்டா என்ன சொல்லுவோம்?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

அதனால் அம்மாடி, பேத்தியிடம் பக்குவமாகச் சொல். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, பழைய தொட்டி மாதிரி இனி வராது என்று சொல். பல்லை அங்கேயே எங்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலை கடைக்காரரை வந்து தொட்டியை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அடுத்த லீவுக்கு வந்தால் போதும். அதற்குள் அவளும் மறந்துவிடுவாள், நானும் மறந்துவிடுவேன்.

மூவரும் நோய் நொடியில்லாமல், வாய் நிறைய நல்ல பற்களோடு நீடூழி வாழ்க.

என்றும் அன்புள்ள
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். கவரை ஒட்டும் முன் உன் அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பின்னாடி பார்த்தீங்களா?" என்றாள். எங்கே என்று கேட்டேன். "பாறைக்குப் பின்னாடிதான். முன்பல்லை மட்டும் பார்த்துட்டு யாரையாவது வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்களா நீங்க?" என்று சொல்லி, மேசை இழுப்பறையைக் குடைந்து பல்லின் பின்பக்கம் பார்க்கும் என் பழைய வாய்க்கண்ணாடியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். தண்ணீருக்குள் விட்டுத் திருப்பினேன். பாறையின் முதுகு முழுக்க ரோஸ்! வெளிச்சம் குறைந்த பக்கம், முள்ளெலி போகாத பக்கம், பிளேடு எட்டாத பக்கம். "தள்ளுங்க, எனக்குத் தெரியல" என்று அவள் முட்ட, "மெதுவா, கலங்கிடும்" என்று நான் முட்ட, இருவரும் முழங்கை வரை நனைந்து நிற்கிறோம். இதை எழுதும்போதும் சட்டை சொட்டுகிறது. கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இந்த லீவுக்கே கிளம்பி வாருங்கள். பேத்தியின் பல் அதற்குள் விழாவிட்டால் கவலைப்படாதே, இழுத்துப் பிடுங்கவும் விடாதே, ஆடுகிற பல்லோடு அப்படியே கூட்டி வா. எனக்குக் கை இன்னும் நடுங்கவில்லை.