இன்னும் கொஞ்சம் திருப்பினால்

கோவில்பட்டி வட்டாரத்தில் மழை பொய்த்தாலும் பொய்க்காமல் விளையும் இனம் ஒன்று உண்டு: திருப்பிவிடுகிறவர்கள். நன்றாக இருக்கும் எதையும் இவர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓடுகிற மின்விசிறியை இன்னும் கொஞ்சம், மாட்டிய சாமி படத்தை இன்னும் கொஞ்சம், தூங்குகிற பிள்ளையின் தலையை இன்னும் கொஞ்சம். பிள்ளை விழித்து அழாதா? அழும். தலை நேராயிற்றே!

வெயிலுமுத்து அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி ஆண்டெனா காலத்தில் மொட்டைமாடியிலேயே குடியிருந்தவர். "ஏலே, இப்ப வருதா?" என்று அவர் கேட்டால் கயத்தாறில் பதில் சொல்வார்கள். பிறகு கேபிள் வந்தது. கைகளுக்கு வேலை போனது.

போன வருஷம் எதிரே ஐந்துமாடிக் கல்யாண மண்டபம் எழும்ப, தெருவில் செல்போன் சிக்னல் செத்தது. கல்லூரிக்காரர்கள் சோதனைக்கென்று அண்ணாச்சி வீட்டு மாடிச்சுவரில் ஒரு பலகையை மாட்டினார்கள். டவரிலிருந்து வரும் அலையை வாங்கி, யாருக்கு வேண்டுமோ அவர் வீட்டுப் பக்கம் தானாகவே எறியுமாம். உள்ளே இருக்கும் மின்சில்லுகள்தான் நிலை மாறுமாம், பலகை அசையவே அசையாதாம். "தொட்டுராதீங்க அண்ணாச்சி" என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரிடம்!

அசையாத ஒன்று வேலை செய்வதை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. வெயிலில் காயும் மிளகாய் வத்தலையே திருப்பிவிடாவிட்டால் ஒருபக்கம் வெளுத்துப்போகும். பலகைக்கு மட்டும் தனிச் சட்டமா?

அடுத்த வீட்டு இந்துஜாவுக்கு அன்று காலை செல்போனில் வேலைக்கான நேர்காணல். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளின் நேர்காணல்கள் சிக்னல் இல்லாமல் பாதியில் அறுந்துபோயிருந்தன. இன்று அதிகாரியின் முகமும் குரலும் பளிச்சென்று வந்தன. நான்கு கோடு சிக்னல் என்று கீழிருந்து மாடிக்குச் சேதி வந்தது. அண்ணாச்சிக்கு நெஞ்சு விம்மியது. நான்கு வந்தால் ஐந்து வராதா? ஸ்பானரை எடுத்தார்.

"ஏட்டி இந்துஜா, இப்ப வருதா?"

கீழே செல்போனில் அதிகாரி திறந்த வாயோடு உறைந்திருந்தார்.

இந்துஜாவின் அம்மா பாண்டிச்செல்வி மாடிக்கு ஓடிவந்தாள். "நல்லாத்தான இருந்துச்சு, என்ன பண்ணுதீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு தாயி. அதான் இன்னும் கொஞ்சம்..."

அவள் பலகையைப் பழைய தடத்துக்குத் தள்ளினாள். மாடியில் காய்ந்துகொண்டிருந்த வத்தலின் முன்னால் அண்ணாச்சியைப் பிடித்து உட்காரவைத்தாள். "இதைத் திருப்புங்க. நிப்பாட்டினா சிக்னல் போயிரும்."

கீழே அதிகாரி வாயை மூடினார். அடுத்த கேள்வியைக் கேட்டார். மேலே தும்மலுக்கு நடுவே அண்ணாச்சியும் கேட்டார்: "இப்ப வருதா?"

"வருது, திருப்புங்க!"

இந்துஜாவுக்கு வேலை கிடைத்தது. அண்ணாச்சிக்கும்தான். தெருவில் யார் போன் அடித்தாலும் மாடிக்கு ஓடிப்போய் வத்தலைத் திருப்புகிறார். அந்தப் பெண்ணுக்கு வேலை வாங்கித் தந்தது யார் என்று கேளுங்கள், சிவந்து எரிகிற உள்ளங்கையை நீட்டுவார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தெளிவாகத்தான் தெரிந்துகொண்டிருந்த இந்தப் பக்கத்தை, நடுவில் சற்றே சாய்த்துப் பிடித்தீர்களே, அது எதற்காம்?