வெளுத்துப்போன மயில்

புதிதாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே உதவி செய்வார்கள். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் பல்கலைக்கழகம் வரை. அதுவும் இரசாயனம். (பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.)

இறுதியாண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது, பெயின்டுக்கு வெண்மை தருகிற தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் நனோ துணிக்கைகளைப் பார்த்தால் பரம சாது. வெயில் பட்டால் பக்கத்திலிருக்கும் சாயத்தையெல்லாம் தின்றுவிடும். அந்தக் குணத்தை அடக்க, ஒவ்வொரு துணிக்கைக்கும் சிலிக்காவால் மெல்லிய உறை போட வேண்டும். உறை சரியா என்று பார்க்க, தூளை நீலச் சாயத்தில் கலந்து வெளிச்சத்தில் வைப்போம். நீலம் நின்றால் வெற்றி; வெளுத்தால் தோல்வி. ஆய்வுகூட விளக்கு பழுதாகிவிட்டது. விடுமுறைக்கு வரும்போது தூளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வெயிலுக்கா பஞ்சம்?

"தூளுக்கு எதுக்கு புள்ள உறை?" என்று கேட்டார் அப்பா.

"மழைக்கு அம்மா கம்பளி போத்திக்கிட்டு கொழுந்தெடுக்கப் போறாங்கல்ல, அந்த மாதிரிதாம்பா."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் கலவையை வைத்தேன். ஒரு வாரமாகியும் நீலம் இம்மியும் மாறவில்லை. துள்ளிக் குதித்தேன். (அந்த வாரம் முழுவதும் எதிர் லயமே தெரியாத பனிமூட்டம். வெயில் வரவே இல்லை என்பதை விஞ்ஞானி கவனிக்கவில்லை.)

அந்தக் குஷியில்தான் வாயை விட்டேன். கோயில் திருவிழாவுக்கு முருகனின் மர மயிலுக்கு வர்ணம் பூச வேண்டியிருந்தது.

"கடைப் பெயின்ட் எதுக்கு? நானே செஞ்சு தாறேன்."

கோயில் தலைவர் வீராசாமி மாமா தயங்கினார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று அப்பாவை வருஷக்கணக்காகக் குத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"எம் மக பூசுனா நிக்கும் தலைவரே. அதுக்கு நான் பொறுப்பு."

தூளோடு நீலச் சாயத்தையும் பசையையும் கலந்து பூசினேன். மயில் இளநீலத்தில் ஜொலித்தது.

திருவிழாவன்று காலை, எங்கள் மலை எப்போதாவது காட்டுகிற அந்தப் பளீர் வெயில் வந்தது. ஊர்வலம் மேல் லயத்தில் புறப்பட்டபோது மயில் நீலம். கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரைத் தாண்டும்போது சாம்பல்.

"ஐயோ, மயிலுக்கு நரை விழுந்திருச்சு!" என்றார் ஒரு அக்கா.

"முருகன் கோழியில வர்றாருடோய்!" என்றார் தப்படித்துக்கொண்டிருந்த அண்ணன்.

கீழ் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது முதுகு முழுவதும் வெள்ளை. வீராசாமி மாமா ஊர்வலத்தையே நிறுத்தினார்.

"என்னப்பா, ஒம் மக படிப்பு மத்தியானம் வரைக்கும்தானா?"

எனக்குத் தேயிலைச் செடிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவரோ மயிலைச் சுற்றி வந்தார். குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தார். நிழலில் இருந்த வயிறு மட்டும் அப்படியே நீலமாக இருந்தது.

"தலைவரே, வெயில் பட்ட எடந்தான் வெளுத்திருக்கு. தூளு அது வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு. கம்பளி ஒழுங்காப் போத்தல, அவ்வளவுதான். மறுபடி போத்துவா. ஒங்களுக்கு வெளங்காது, இது கெம்பஸ் விஷயம்."

கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர், என் ஆய்வு முடிவை ஊருக்கே வாசித்துவிட்டார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கடைசியில் மாமாவும் சிரித்தார். வெள்ளை மயிலோடு ஊர்வலம் நகர்ந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் உறையை ஒழுங்காகப் போட்டேன். நல்ல வெயிலிலும் நீலம் நின்றது. ஆனால் வீட்டில் அதை யார் கேட்டார்கள்? புடவையோ போனோ, எது புதிதாக வந்தாலும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "வெயில்ல வச்சுப் பாத்தாச்சா?" என்பதுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவரை அம்மா உள்ளேகூட அழைக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, "கொஞ்ச நேரம் இப்படி வெயில்ல உக்காருங்க தம்பி" என்றார். பாவம், அதுதான் எங்கள் வீட்டு மரியாதை என்று நினைத்து வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

நிறம் மாறவில்லை. கட்டிக்கொண்டேன்.